முட்டைக்குள் முதல் சிவப்பு: கருவின் தொடக்கக் குருதியணுக்களில் மரபணுக்கள் இயங்கும் முறை

அடைக்கு வைத்த கோழிமுட்டையை மூன்று நாள் கழித்து இருட்டில் விளக்கொளிக்கு எதிரே பிடித்தால், மஞ்சள் கருவின் மேல் சிலந்தி வலைபோலச் செந்நாளங்கள் படர்ந்திருப்பதும் நடுவில் ஒரு புள்ளி துடிப்பதும் தெரியும். கோழி வளர்ப்போர் கூமுட்டையைப் பிரித்தெடுப்பது இந்த அடையாளத்தை வைத்துத்தான். துடிக்கும் இந்தக் குருதிப் புள்ளியை அரிஸ்டாட்டில் தம் விலங்கியல் நூலில் குறித்து வைத்திருக்கிறார். அந்த நாளில் குஞ்சுக்கு எலும்பு இல்லை. எனவே மஜ்ஜையும் இல்லை. வளர்ந்த உடலில் சிவப்பணுக்கள் பிறக்கும் இடமே இல்லாதபோது இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியிலிருந்துதான் கருக்குருதியியல் தொடங்குகிறது. விடையின் முதல் பாதி உடற்கூற்றியலில் கிடைத்தது. மறுபாதி கிடைக்க மரபணுக்களைப் படிக்கத் தெரிந்த காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கரு மிகச் சிறிதாக இருக்கும்வரை ஆக்சிஜன் தானாகவே திசுக்களுக்குள் ஊடுருவிச் சென்றுவிடும். உடல் கொஞ்சம் தடித்ததும் அது போதாது. உறுப்புகள் எல்லாவற்றுக்கும் முந்தி இதயமும் நாளமும் குருதியும் இயங்கத் தொடங்குவது இதனால்தான். மூளை இன்னும் மடிந்து மூடாத நிலையிலேயே இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த இதயம் தள்ளுவதற்கான அணுக்கள் கருவின் உடலுக்குள் உருவாவதில்லை. உடலுக்கு வெளியே, மஞ்சட்கருப்பையின் சுவரில் உருவாகின்றன. பறவையில் இந்தப் பை உணவுக் களஞ்சியம். பாலூட்டிகளில் மஞ்சள் கரு என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இல்லை. ஆனாலும் பை மட்டும் நிலைத்துவிட்டது, குருதி உண்டாக்கும் வேலையும் அதனிடமே தங்கிவிட்டது. சுண்டெலியில் கருவுற்ற ஏழேகால் நாளிலிருந்து ஏழரை நாளுக்குள், மனிதரில் மூன்றாவது வாரத்தில், இந்தச் சுவரில் செல்கள் சிறு சிறு குவியல்களாகத் திரள்கின்றன. இவற்றுக்குக் குருதித் தீவுகள் என்று பெயர். தீவின் ஓரச் செல்கள் நாளத்தின் உட்பூச்சாகவும், நடுச் செல்கள் சிவப்பணுவாகவும் மாறுகின்றன.

ஓரமும் நடுவும் ஒரே தாய்ச்செல்லின் பிள்ளைகளா என்பது நூறாண்டுப் பழமையான வழக்கு. அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஃபுளோரன்ஸ் சேபின் 1920ஆம் ஆண்டுவாக்கில் உயிருள்ள கோழிக்கருவை நுண்ணோக்கியின் கீழ் வைத்து மணிக்கணக்கில் பார்த்து, இரண்டும் ஒரே திரளிலிருந்து பிரிவதைப் பதிவு செய்தார். 1932இல் அத்தகைய தாய்ச்செல்லுக்கு ஹீமாஞ்சியோபிளாஸ்ட் என்ற பெயர் வழங்கப்பட்டது. குருதியும் நாளமும் ஈனும் செல் என்பது பொருள். 1990களில் கோர்டன் கெல்லரின் ஆய்வகம், கருமூலச் செல்களைத் தட்டில் வளர்த்து, ஒரே செல்லிலிருந்து இரண்டு வகையும் பிறப்பதைக் காட்டியது. 2004இல் அதே குழு, சுண்டெலிக் கருவில் அத்தகைய செல்கள் மஞ்சட்கருப்பையை அடையும் முன்பே, ஆதிக்கோட்டின் பின்பகுதியில் இருப்பதைக் கண்டது. ஆக, குருதியாவது என்ற முடிவு தீவுக்குப் போய்ச் சேர்ந்தபின் எடுக்கப்படுவதன்று. போகும் வழியிலேயே அது எடுக்கப்படத் தொடங்கிவிடுகிறது.

முடிவு எடுப்பது என்பதற்கு மரபணு அளவில் என்ன பொருள்? உடலின் எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. தொகுப்பு. ஹீமோகுளோபின் மரபணு கண்ணிலும் உண்டு, நகக்கணுவிலும் உண்டு. ஆனால் அங்கே அது படிக்கப்படுவதில்லை. ஒரு மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்பட்டு, அதிலிருந்து புரதம் ஆக்கப்படுவதையே மரபணு வெளிப்பாடு என்கிறோம். எந்த மரபணு, எப்போது, எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை படியெடுத்தல் காரணிகள் எனும் புரதங்கள். அவையும் மரபணுக்களிலிருந்தே பிறப்பதால், ஒரு காரணி இன்னொன்றை எழுப்ப, அது மூன்றாவதை எழுப்ப, செல்லின் விதி படிப்படியாக இறுகுகிறது. சிவப்பணுவைப் பொறுத்தவரை இதில் ஒரு நெருக்கடியும் உண்டு. பாலூட்டிகளில் இந்தச் செல் கடைசியில் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடப் போகிறது. அதன் பிறகு படிப்பதற்கு ஏடே இல்லை. ஆகவே வாழ்நாள் முழுவதற்கும் வேண்டியதை எல்லாம் சில நாள்களுக்குள் படியெடுத்து முடித்தாக வேண்டும்.

தொடக்கக் காரணிகள்

வரிசையில் முதலில் வருவது, கருவின் நடு அடுக்கான நடுப்படலத்துச் செல்லின் மேற்பரப்பில் தோன்றும் ஃப்ளக்-1 என்ற ஏற்பி. நாள வளர்ச்சிக் காரணியான வீஜிஎஃப் அனுப்பும் செய்தியை வாங்கிக்கொள்வது இதுதான். 1995இல் இந்த மரபணுவை முடக்கிய சுண்டெலிக் கருக்களில் குருதித் தீவும் இல்லை, நாளமும் இல்லை. அடுத்தது ஈடிவி-2. மிகக் குறுகிய நேரமே தலைகாட்டி மறையும் இந்தக் காரணி இல்லையென்றாலும் அதே கதிதான். இவற்றுக்கும் மேலே நிற்கும் ஒன்று இருக்க வேண்டும் என்பதை வரிக்குதிரை மீன்தான் முதலில் சொன்னது. 1995இல் விவரிக்கப்பட்ட குளோஷ் என்ற மீன் வகையில் குருதியும் நாள உட்பூச்சும் சேர்ந்தே காணாமற்போயிருந்தன. வீங்கிய இதயம் மணிபோலத் தெரிந்ததால் பிரெஞ்சு மொழியில் மணியைக் குறிக்கும் சொல்லே பெயரானது. பழுதான மரபணு எது என்று கண்டறிய இருபது ஆண்டுக்கு மேல் பிடித்தது. குரோமோசோமின் நுனியோரத்தில் ஒளிந்திருந்த அது என்பிஏஎஸ்-4எல் என்பது 2016இல்தான் உறுதியானது.

நாளமும் குருதியும் பிரியும் இடத்தில் நிற்பவை டால்-1, எல்எம்ஓ-2 என்னும் இரட்டையர். இரண்டும் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது கருவில் அல்ல. சிறார்களுக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றில், உடைந்து இடம்மாறி ஒட்டிக்கொண்ட குரோமோசோம்களின் முறிவிடத்தில். தவறான செல்லில் தவறான நேரத்தில் விழித்துக்கொண்டால் புற்றை விளைக்கும் மரபணு, சரியான செல்லில் என்ன செய்கிறது என்று பார்க்க அதைச் சுண்டெலியில் முடக்கினார்கள். எல்எம்ஓ-2 இல்லாத கருக்கள் 1994இலும் டால்-1 இல்லாதவை 1995இலும் ஆராயப்பட்டன. மஞ்சட்கருப்பையில் ஒரு சொட்டுச் சிவப்பும் இல்லாமல், வெளுத்த நிலையில் அவை பத்தாம் நாளை ஒட்டி இறந்தன. எல்எம்ஓ-2 டி.என்.ஏ.வைத் தொடுவதே இல்லை. டால்-1 ஒரு பக்கமும் காட்டா-1 மறுபக்கமும் டி.என்.ஏ.வைப் பற்ற, இரண்டையும் இணைக்கும் பாலமாக நடுவில் நிற்பது அதன் வேலை. எல்டிபி-1 என்ற இன்னொரு புரதம் இந்தக் கூட்டில் சேர்கிறது. அதன் முக்கியத்துவம் பின்னால் வரும்.

இந்தக் கதையின் நாயகர் காட்டா-1. டி.என்.ஏ.வில் ஜி, ஏ, டி, ஏ என்ற நான்கெழுத்து வரும் இடங்களைத் தேடிப் பற்றுவதால் அந்தப் பெயர். 1980களின் இறுதியில் குளோபின் மரபணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்த பல குழுக்கள், அவை எல்லாவற்றின் அருகிலும் இந்த நான்கெழுத்து திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தன. கோழியின் சிவப்பணுவிலிருந்து கேரி ஃபெல்சன்ஃபெல்டின் குழுவும், பாலூட்டியிலிருந்து ஸ்டூவர்ட் ஆர்க்கினின் குழுவும் 1989இல் ஒரே புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தன. அது இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆண் கருமூலச் செல்லில் ஒரே படிதான் உண்டு என்பதால், ஒரு தடவை வெட்டினாலே மரபணு முழுதும் ஒழிந்துவிடும். 1991இல் அப்படி வெட்டிய செல்களை இயல்பான சுண்டெலிக் கருவோடு கலந்து வளர்த்தபோது, அவை வேறு திசுக்களில் இடம் பிடித்தன. சிவப்பணுவில் மட்டும் இடம் பெறவில்லை. முழுக் கருவிலும் காட்டா-1 இல்லாதபோது நேர்வதை 1996ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது: கருக்கள் பத்தரை, பதினொன்றரை நாளில் இரத்தசோகையால் இறந்தன. சிவப்பணுவின் முன்னோடிச் செல்கள் பிறந்திருந்தன, ஆனால் முதிரவில்லை. பிறப்பதற்கு ஒரு காரணி, முதிர்வதற்கு வேறொரு காரணி என்ற பிரிவினை இதில் வெளிப்பட்டது.

பிறப்பைக் கவனித்துக்கொள்வது பங்காளியான காட்டா-2. முன்னோடிச் செல்லில் அது நிறைந்திருக்கும். காட்டா-1 எழும்போது, காட்டா-2 பற்றியிருந்த அதே நான்கெழுத்து இடங்களில் போய் அமர்ந்து அதை வெளியேற்றுகிறது. காட்டா-2 மரபணுவையே அடக்கியும் விடுகிறது. பங்காளிகளுக்குள் நடக்கும் இந்தக் கைமாற்றம்தான் பெருகும் செல்லை முதிரும் செல்லாக்குகிறது. காட்டா-1 இல்லாத முன்னோடிகளில் காட்டா-2 பல மடங்கு ஏறிக்கிடப்பது இதனால்தான். ஃபாக்-1 என்ற துணைப்புரதம் இல்லாமல் காட்டா-1 இந்த வேலையைச் செய்ய முடியாது. இரண்டும் கைகோக்கும் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய குடும்பமொன்றில், பிறவியிலேயே இரத்தசோகையும் தட்டணுக் குறைவும் வந்ததை 2000இல் வெளியான ஆய்வு விளக்கியது.

காட்டா-1க்கு ஓர் எதிரியும் உண்டு. வெள்ளணுக்களை வளர்க்கும் பியூ-1 அதைப் பற்றி முடக்குகிறது. அதுவும் பியூ-1ஐ முடக்குகிறது. எது ஓங்குகிறதோ அதன் வழியில் செல் போகும். 2005இல் வரிக்குதிரை மீனின் கருவில் காட்டா-1ஐ அடக்கியபோது, சிவப்பணு ஆக வேண்டிய செல்கள் சும்மா அழிந்துவிடவில்லை. வெள்ளணு வகைக்கு மாறிக்கொண்டன. காட்டா-1 பழுதான மீன் வகைக்கு, டிராகுலா என்ற பெயருக்கு மூலமான ருமேனிய மன்னர் விளாட் செபெஷின் பெயரை வைத்திருக்கிறார்கள். சோகை பிடித்த மற்ற மீன்களுக்கு ரீஸ்லிங், ஷாப்லி, மெர்லோ, சோட்டர்ன் என்று வரிசையாகத் திராட்சை மதுப் பெயர்கள். விளையாட்டாகத் தோன்றினாலும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு மரபணு அகப்பட்டது. சோட்டர்னில் பழுதானது ஹீம் ஆக்கத்தின் முதல் படியை நடத்தும் நொதி. வைஸ்ஹெர்ப்ஸ்ட் என்ற மீனைத் துழாவியபோது, செல்லிலிருந்து இரும்பை வெளியேற்றும் ஃபெரோபோர்ட்டின் 2000இல் கண்டுபிடிக்கப்பட்டது. இத்தனை சோகை பிடித்த மீன்குஞ்சுகளும் ஆராயும் வரை உயிரோடு இருந்ததற்குக் காரணம் அவற்றின் பருமன்தான். சில மில்லிமீட்டர் நீளமுள்ள குஞ்சுக்கு முதல் சில நாள்கள் தோல்வழி ஆக்சிஜனே போதும். சுண்டெலிக்கு அந்த வசதி இல்லை.

திறந்த ஏடு, மூடிய ஏடு

காரணிகள் இருந்தால் மட்டும் போதாது. அவை தொடுமளவுக்கு டி.என்.ஏ. திறந்திருக்க வேண்டும். இதற்கான முதல் தெளிவான சான்று கோழிக்கருவின் சிவப்பணுவிலிருந்தே கிடைத்தது. 1976இல் ஹரால்ட் வைன்ட்ராப், மார்க் குரூடீன் இருவரும் அந்த அணுக்களின் உட்கருவில் டி.என்.ஏ.வை வெட்டும் நொதியைச் சிறிதளவு சேர்த்தார்கள். குளோபின் மரபணு விரைவில் துண்டானது. முட்டை வெள்ளைப் புரதத்தின் மரபணு அதே உட்கருவில் பாதுகாப்பாக இருந்தது. பயன்படும் பக்கங்கள் விரிந்தும் பயன்படாதவை இறுகியும் இருக்கின்றன என்பது இவ்வளவு எளிய சோதனையில் தெரிந்தது.

மனிதரின் பீட்டா வகைக் குளோபின் மரபணுக்கள் 11ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்து அமைந்துள்ளன: எப்சிலான், இரண்டு காமா, டெல்டா, பீட்டா. ஆல்ஃபா வகை 16ஆம் குரோமோசோமில்: ஜீட்டா, பிறகு இரண்டு ஆல்ஃபா. எந்த வரிசையில் குரோமோசோமில் நிற்கின்றனவோ ஏறக்குறைய அதே வரிசையில்தான் வளர்ச்சியின்போது அவை எழுகின்றன. இது தற்செயல் அல்ல என்று எல்லோரும் நினைத்தார்கள். ஏன் என்று சொல்லத்தான் முடியவில்லை. துப்புக் கொடுத்தது ஒரு டச்சுக் குடும்பத்தில் இருந்த தலசீமியா என்னும் பரம்பரை இரத்தசோகை. அவர்களின் ஒரு குரோமோசோமில் பீட்டா மரபணு ஓர் எழுத்துக்கூடப் பிழையின்றி முழுதாக இருந்தது. ஆனாலும் ஊமையாக இருந்தது. அதற்கு வெகு தொலைவில் முன்னே இருந்த பகுதி அறுந்துபோயிருந்ததுதான் ஒரே மாற்றம். 1987இல் லண்டனில் ஃபிராங்க் குரோஸ்வெல்டின் குழு, அந்தத் தொலைதூரப் பகுதியை மனித பீட்டா மரபணுவோடு ஒட்டிச் சுண்டெலிக்குள் செலுத்தியது. மரபணு எந்த இடத்தில் போய் அமர்ந்தாலும் முழு வீச்சில் இயங்கியது. அந்தப் பகுதிக்குக் கொத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று பெயரிடலாம். அதில் காட்டா-1, டால்-1 முதலியவை அமரும் இடங்கள் நெருக்கமாக உள்ளன.

ஏறத்தாழ 50,000 எழுத்துகளுக்கு அப்பால் இருக்கும் பகுதி ஒரு மரபணுவை எப்படி எழுப்புகிறது? டி.என்.ஏ. கயிறுபோல் வளைந்து, தொலைவிலுள்ள இரண்டு இடங்களையும் அருகருகே கொண்டுவருகிறது. 2002இல், சுண்டெலிக் கருவில் குருதி உண்டாக்கும் உறுப்பான கல்லீரலில் இந்த வளையம் நேரடியாகக் காட்டப்பட்டது. அதே கருவின் மூளையில் அது இல்லை. வளையத்தைக் கட்டுவதில் முன்னர்ச் சொன்ன எல்டிபி-1க்குப் பெரிய பங்கு. பின்னர் ஜெர்ட் புளோபலின் குழு அந்தப் புரதத்தின் ஒரு துண்டைச் செயற்கையாகக் காமா மரபணுவின் வாயிலில் கட்டிவைத்தது. வளர்ந்தோரின் செல்லில் உறங்கிக்கிடந்த காமா எழுந்தது, பீட்டா தணிந்தது. ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி, பல மரபணுக்கள். எந்த நேரத்தில் எதனோடு முடிச்சுப் போடுகிறது என்பதே குளோபின் மாற்றத்தின் உள்விவரம்.

முதல் அணுவின் வாழ்க்கை

ஹீமோகுளோபின் நான்கு சங்கிலிகளால் ஆனது. ஆல்ஃபா வகையில் இரண்டு, பீட்டா வகையில் இரண்டு. மனிதக் கருவின் முதல் அணுக்களில் ஜீட்டாவும் எப்சிலானும் சேர்ந்த கோவர்-1, ஆல்ஃபாவும் எப்சிலானும் சேர்ந்த கோவர்-2, ஜீட்டாவும் காமாவும் சேர்ந்த போர்ட்லேண்ட் என மூன்று வகை உண்டு. கோவர் என்பது கண்டுபிடித்தவர் பெயரன்று. லண்டனில் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனை இருந்த தெரு. போர்ட்லேண்ட் அமெரிக்காவின் ஒரிகன் மாநில நகரம். சாலைப் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் புரதங்களுக்கு ஏறிய வேடிக்கை குருதியியலில் நிறைய. எட்டாவது வாரத்துக்குள் எப்சிலான் அடங்கிக் காமா ஓங்குகிறது. பிறப்பை ஒட்டிக் காமா அடங்கிப் பீட்டா ஓங்குகிறது.

காமா சங்கிலியுள்ள சிசு ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பற்றும். சிவப்பணுவுக்குள் இருக்கும் பிஸ்பாஸ்போகிளிசரேட் என்ற சிறு மூலக்கூறு, பீட்டா சங்கிலியின் 143ஆம் இடத்திலுள்ள ஹிஸ்டிடினில் ஒட்டிக்கொண்டு ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்தும். காமாவில் அந்த இடத்தில் இருப்பது செரின். ஒட்டல் குறைகிறது, பிடி தளர்வதில்லை. தாயின் குருதி விட்டுக்கொடுக்கும் ஆக்சிஜனைச் சிசுவின் குருதி வாங்கிக்கொள்ள இந்த ஓர் அமினோ அமில வேறுபாடு உதவுகிறது. கருவின் முதல் ஹீமோகுளோபின்களும் இறுகப் பிடிப்பவையே.

சுண்டெலியில் காமாவுக்கு ஈடான சிசுநிலை இல்லை. பீட்டா-எச்1, எப்சிலான்-ஒய் ஆகிய இரண்டு கருநிலை மரபணுக்களிலிருந்து நேரே வளர்நிலை மரபணுவுக்குத் தாவிவிடுகிறது. கருநிலைக்குள்ளும் ஒரு சிறு மாற்றம் நடக்கிறது: முதலில் பீட்டா-எச்1 மிகுதி, நாள் செல்லச் செல்ல எப்சிலான்-ஒய் மிகுதி. குளோபின் மாற்றம் என்றால் பழைய அணுக்கள் போய்ப் புதிய அணுக்கள் வருவது மட்டுமே என்ற கருத்தை இது திருத்தியது. ஒரே தலைமுறை அணுக்கள் முதிர்ந்துகொண்டே சங்கிலியையும் மாற்றிக்கொள்கின்றன.

இந்த முதல் அணுக்கள் உருவத்திலும் தனி வகை. வளர்ந்த சுண்டெலியின் சிவப்பணுவைவிடப் பல மடங்கு பெரியவை. உட்கருவோடே சுற்றோட்டத்தில் இறங்கி, ஓடிக்கொண்டே பெருகி, ஓடிக்கொண்டே முதிர்கின்றன. அவற்றின் முன்னோடிச் செல்கள் மஞ்சட்கருப்பையில் காணப்படுவது இரண்டு நாளுக்கும் குறைவான காலம்தான். ஒன்பதாம் நாளுக்குள் தீர்ந்துவிடும். ஆகவே முதல் அணுக்கள் ஏறக்குறைய ஒத்த வயதுள்ள ஒரே கூட்டமாகச் சேர்ந்து முதிர்கின்றன. மஜ்ஜையில் எல்லா வயதுச் செல்களும் கலந்து கிடக்கும். இங்கே ஒவ்வொரு நாளும் எடுத்த குருதித் துளி முதிர்ச்சியின் ஒவ்வொரு படியையும் தனியே காட்டும். ஆய்வாளருக்கு இது பெரிய வரம். நியூயார்க்கில் மார்கரெட் பேரனின் குழு, எப்சிலான் குளோபின் எழும் செல்களின் உட்கருவெல்லாம் பச்சையாக ஒளிரும்படி செய்த சுண்டெலியிலிருந்து நாள்வாரியாக இந்த அணுக்களைப் பிரித்து, எழுந்த மரபணுக்கள் அனைத்தின் பட்டியலையும் 2011இல் வெளியிட்டது. இளம் முன்னோடிகள் சர்க்கரையைச் சிதைத்தே ஆற்றலின் பெரும்பங்கைப் பெறுகின்றன என்பது அதில் தெரிந்த சுவையான செய்தி. விரைந்து பெருகும் புற்றுச் செல்களின் பழக்கமும் இதுவே.

உட்கரு கடைசிவரை நீங்காது, பறவையின் சிவப்பணுபோலவே இருக்கும் என்று பாடநூல்கள் வெகுகாலம் எழுதிவந்தன. 2004இல் ஜேம்ஸ் பாலிஸின் குழு அதைத் தவறென்று காட்டியது. சுண்டெலியில் பன்னிரண்டரை நாளிலிருந்து பதினாறரை நாளுக்குள் இந்த அணுக்களும் உட்கருவைக் கழற்றிவிடுகின்றன. கழற்றிய உட்கருக்கள் மெல்லிய உறையோடு குருதியில் மிதப்பதும் பிறகு கண்டறியப்பட்டது. மனிதக் கருவில் இந்த இறுதி முதிர்ச்சிக்கு நஞ்சுக்கொடித் திசுவும் ஓர் இடமாகிறது. பிழை இவ்வளவு நாள் நீடித்ததற்குக் காரணம் எளிது: அந்த நாள்களில் கல்லீரலிலிருந்து வரும் புதிய அணுக்கள் பெருவெள்ளமாகக் கலந்துவிடுவதால், பழைய அணுக்களை அடையாளம் காண்பது கடினம்.

ஆக்சிஜன் சுமப்பது மட்டுமே இவற்றின் பணியன்று. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் அணுக்கள் சுற்றோட்டத்தில் சேராதபடி மஞ்சட்கருப்பையிலேயே தடுத்தபோது, நாள வலை கிளைத்துப் பெருகாமல் நின்றது. அணுக்களுக்குப் பதிலாகக் குருதியின் தடிப்பை மட்டும் செயற்கையாக ஏற்றியதும் நாளங்கள் சீரடைந்தன. சுவரில் உராயும் அழுத்தமே நாளத்துக்குக் கட்டளை என்று இதற்குப் பொருள்.

இரண்டாம் அலை

முதல் அணுக்கள் ஓடத் தொடங்கிய வேகத்திலேயே மஞ்சட்கருப்பை இன்னொரு வகை முன்னோடிகளை ஈனுகிறது. இவை கல்லீரலில் குடியேறி, வளர்நிலைச் சிவப்பணுக்களைத் தருகின்றன. சுண்டெலியில் பத்தரை நாள் அளவில் கருவின் முதுகுப் பெருநாளச் சுவரில் நிலையான குருத்தணுக்கள் தோன்றிக் கல்லீரலுக்கும், பின்னர் மஜ்ஜைக்கும் செல்கின்றன. முதல் அலைக்கும் மற்றவற்றுக்கும் உள்ள உறவு முன்னோட்டத்துக்கும் முழுப்படத்துக்கும் உள்ள உறவன்று. மரபணுச் சான்று இரண்டையும் தனித்தனி மரபுகளாகவே பிரிக்கிறது. மிப் என்ற காரணியை 1991இல் முடக்கியபோது மஞ்சட்கருப்பைக் குருதி குறையின்றி இருந்தது. கல்லீரல் குருதி வராததால் கரு பதினைந்தாம் நாளில் இறந்தது. ரன்க்ஸ்-1 இல்லாத கருக்களும் முதல் அணுக்களைப் பெருமளவு ஆக்கிக்கொண்டன. இரண்டாம் வகை பிறக்கவே இல்லை. கேஎல்எஃப்-1 கதை சற்றுச் சிக்கலானது. பீட்டா மரபணுவின் வாயிலில் அமரும் இந்தக் காரணி இல்லாத சுண்டெலிகள் கல்லீரல் நிலையில்தான் கடும் சோகையில் விழுந்தன. எனவே முதல் அணுக்களுக்கு அது வேண்டாதது என்று 1995இல் முடிவு கட்டினார்கள். பத்தாண்டு கழித்து நுணுகிப் பார்த்தபோது அந்த அணுக்களின் உறையும் சட்டகமும் கோணலாக இருந்தன. உயிரோடு இருப்பதை நலமாக இருப்பதாக எடுத்துக்கொண்டதன் விளைவே அந்தப் பழைய முடிவு.

ஒவ்வொரு செல்லின் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியே படிக்கும் முறை வந்தபின் இந்தப் பாதைகளை இடைவெளியின்றி வரைய முடிந்தது. 2019இல் கேம்பிரிட்ஜில் பெர்த்தோல்ட் கோட்கென்ஸ், ஜான் மரியோனி குழுவினர் ஆறரை முதல் எட்டரை நாள் வரையிலான சுண்டெலிக் கருக்களின் 1,16,312 செல்களைப் பட்டியலிட்டார்கள். அதில் முதல் சிவப்பணுப் பாதை மிக முன்பே கிளைத்து, மற்றக் குருதிப் பாதையிலிருந்து விலகியே போகிறது. 2021இல் மூன்றாவது வாரத்தைச் சேர்ந்த ஒரே ஒரு மனிதக் கருவின் 1,195 செல்கள் படிக்கப்பட்டன. சிவப்பணு முன்னோடிகள் அதில் ஏற்கெனவே தென்பட்டன. அதே படிநிலைச் சுண்டெலியைவிட மனிதக் கருவின் குருதி ஒரு படி முன்னே இருந்தது.

மருத்துவத்தில்

கருநிலைக் குளோபின்கள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதைத் தலசீமியாவே சொல்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் பரவலாக உள்ள ஒரு வகையில் ஆல்ஃபா மரபணுக்கள் இரண்டும் ஒருசேர அறுந்திருக்கும்; ஜீட்டா மட்டும் தப்பியிருக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இதையே பெற்ற சிசு, ஜீட்டா தரும் போர்ட்லேண்ட் ஹீமோகுளோபினின் துணையால் கருப்பையில் மாதங்கள் தாக்குப்பிடிக்கிறது. பிறகு நீர்கோத்து, பெரும்பாலும் பிறப்பை ஒட்டி இறக்கிறது. பீட்டா பழுதானால் நிலைமை வேறு. காமா காக்கும் வரை குழந்தை நலமாக இருக்கும். ஆறு மாதம் நெருங்கும்போது நோய் தலைகாட்டும். அரிவாள் அணு நோயுள்ள பச்சிளங் குழந்தைகளின் அணுக்கள் ஏன் எளிதில் வளைவதில்லை என்று 1948இல் புரூக்ளினில் கேட்ட ஜேனட் வாட்சன் என்ற மருத்துவர், சிசு ஹீமோகுளோபினே காப்பு என்று சரியாக ஊகித்தார். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் அணுப் பண்பு இருப்பதை ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷ்ஷும் 1952இல் வெளியிட்டார்கள். இந்தியாவில் பரவலான அரிவாள் அணு மரபு வடிவத்தில் சிசு ஹீமோகுளோபின் ஓரளவு மிகுதியாகவே நீடிப்பது பின்னர்த் தெரியவந்தது.

காமாவை அடக்குவது யார் என்பது மக்கள்தொகை மரபணு ஆய்வுகளில் 2007, 2008 ஆண்டுகளில் அகப்பட்டது: பிசிஎல்-11ஏ. விஜய் சங்கரனும் ஆர்க்கினும் 2008இல் அதைக் குறைத்துக் காமா எழுவதைக் காட்டினார்கள். மால்ட்டாவின் ஒரு குடும்பத்தில் சிசு ஹீமோகுளோபின் வாழ்நாள் முழுதும் நீடித்ததற்குக் கேஎல்எஃப்-1இல் இருந்த பழுதே காரணம் என்று 2010இல் தெரிந்தது. கேஎல்எஃப்-1தான் பிசிஎல்-11ஏயை எழுப்புகிறது; எழுப்புவார் குறைய, அடக்குவாரும் குறைந்தார். பிசிஎல்-11ஏ மரபணுவுக்குள், சிவப்பணுவில் மட்டும் அதை முடுக்கும் ஒரு சிறு பகுதி 2013இல் கண்டறியப்பட்டது. அதன் உயிர்நிலையில் இருப்பது காட்டா-1 அமரும் அதே நான்கெழுத்து. நோயாளியின் குருத்தணுக்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் கத்தரியால் அந்த இடத்தை மட்டும் வெட்டித் திரும்பச் செலுத்தும் காஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. மரபணு திருத்தும் கிரிஸ்பர் முறையில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து இது.

தட்டில் குருதி வளர்க்க முயல்வோரை மட்டும் முதல் அலை இன்னும் விட்டபாடில்லை. பன்திறக் குருத்தணுக்களிலிருந்து சிவப்பணு வளர்த்தால், பெரும்பாலும் கிடைப்பது ஜீட்டாவும் எப்சிலானும் காமாவும் நிறைந்த கருநிலை அணுக்கள்தான். பீட்டா அரிதாகவே எழுகிறது. 2022இல் பிரிட்டனில் ஆய்வகத்தில் வளர்த்த சிவப்பணுக்களை மனிதருக்கு ஏற்றியபோது, தொடக்கப் பொருளாக வளர்ந்தோரின் குருத்தணுக்களையே எடுத்துக்கொண்டார்கள். பாதை பிரியும் இடம் எது என்பதைக் கெல்லரின் குழு 2014இல் வரையறுத்தது. நடுப்படலம் உருவாகும் தொடக்க நாள்களில் ஆக்டிவின் என்ற புரதத்தின் குறிப்பு ஓங்கினால் கருநிலைக் குருதியும், விண்ட் என்ற புரதத்தின் குறிப்பு ஓங்கினால் வளர்நிலைக் குருதியும் பிறக்கின்றன. முதல் வழியில் போகவிருக்கும் நடுப்படலச் செல்களின் மேல், சிவப்பணுவின் உறைப் புரதமான கிளைக்கோஃபோரின்-ஏ, குளோபின் எதுவும் எழுவதற்கு முன்பே தென்பட்டுவிடுகிறது.